முப்பத்துநாலாம் சங்கீதமும் மீன்பாடி வண்டியும்

நான் தாம்பரத்துக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் தம்பியை மீட்டுக்கொண்டு வரப் போனேன். கைப்பையில் எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று ஊர் திரும்ப இரண்டு விமானச் சீட்டு வைத்திருந்தேன். பெட்டியில் பாலில் கலக்கிற மைலோ மாவு நாலு டின், ஒரு பைபிள், வயிற்றுப்போக்கு மாத்திரை. எண்பதுகளின் பின்பாதி அது. கடலுக்கு அப்பால், ஈப்போவில் நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டு இறுதி விடுமுறை விட்டிருந்தார்கள். ஐம்பது வயதில் தனியாக விமானம் ஏறுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

எதிலிருந்து மீட்க என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் வீட்டுத் தந்தி வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். தந்தியில் வார்த்தைகளை வீணாக்குவது அவருக்குப் பாவத்தோடு சேர்த்தி. மனுஷனுக்கு வருகிற இன்பம் துன்பம் எல்லாமே பைபிளின் நூற்றைம்பது சங்கீதத்துக்குள் இருக்கிறது, சொந்த வார்த்தை எதற்கு என்பார். குழந்தை பிறந்தால் 128. சாவு என்றால் 90. பரீட்சைக்கு 20. பயணத்துக்கு 121. எண் மட்டும்தான் போகும். வாங்கியவர் பைபிளைத் திறந்து பார்த்து அழுதுகொள்ள வேண்டும், அல்லது சிரித்துக்கொள்ள வேண்டும்.

அப்பா போன பிறகும் நானும் தம்பி சாமுவேலும் அதையே பிடித்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

சாமு என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் நான்தான் வளர்த்தேன். கல்லூரிப் படிப்புக்கென்று தாம்பரத்துக்கு அனுப்பினேன். படித்தான், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டான், பிலோமினா என்ற பெண்ணையும் அங்கேயே தேடிக்கொண்டான். அவர்கள் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர்கள், நாங்கள் புராட்டஸ்டண்ட். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். லீவு கேட்கவேயில்லை என்பதுதான் உண்மை.

நான் பயணம் போனதற்கு முந்தின வருஷம் அவர்களுக்கு முதல் குழந்தை பிறந்து, அன்றைக்கே இறந்துபோனது. தந்தி வந்ததும் பதில் தந்தி கொடுத்தேன்: "சங்கீதம் 34. அக்கா." நொறுங்கிப்போன மனசுக்குப் பக்கத்திலேயே ஆண்டவர் இருக்கிறார் என்று சொல்கிற சங்கீதம் அது. எனக்குத் தெரிந்ததிலேயே நல்லதைத் தேர்ந்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அவனிடமிருந்து வந்தது: "சங்கீதம் 54." பைபிளைத் திறந்து பார்த்தேன். அந்நியர்கள் எனக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்கள், கொடியவர்கள் என் உயிருக்கு உலை வைக்கிறார்கள், காப்பாற்று என்று கதறுகிற சங்கீதம் அது. அந்நியர் யார்? யோசிக்க என்ன இருக்கிறது, மாமியார் வீடுதான். அடுத்தடுத்து நான்கு கடிதம் எழுதினேன். நான்கும் 'வாங்க மறுத்தார்' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. தம்பியின் கைக்கே போகாமல் அந்தக் கொடியவர்கள் பிடுங்கித் திருப்புகிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. விடுமுறை விட்ட மறுநாளே கிளம்பிவிட்டேன்.

முதல் நாள். மீனம்பாக்கத்தில் இறங்கி, எதிரே இருந்த ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினேன். ஈப்போ பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செத்தே போயிருந்தாலும் இறங்கும்போதுதான் நமக்குத் தெரியும். இங்கே பெண்கள் பெட்டியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், பல்லாவரம் வருவதற்குள் என் வயது, சம்பளம், ஏன் கல்யாணம் ஆகவில்லை என்ற விவரம் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

"தம்பி கூப்ட்டு வந்தியா, நீயா வந்தியா?"

"நானாத்தான் வந்தேன்."

"அப்போ பேஜார்தான்," என்று சொல்லிவிட்டு ஒரு முழம் கனகாம்பரத்தை என் தலையில் அவளே சொருகினாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் தாம்பரம் வந்துவிட்டது.

முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் பெட்டியைத் திண்டாடி இறக்கி வைத்தார். கதவைத் திறந்தது சாமுதான். லுங்கி கட்டிக்கொண்டு, கையில் அரிவாள்மணையும் பாதி நறுக்கிய வெங்காயமுமாக, கண்ணில் நீர் வழிய நின்றான். ஈப்போவில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாத பிள்ளை! 54-ஆம் சங்கீதம் கண்ணெதிரே நிற்கிறது என்று நினைத்தேன்.

"வா" என்று அவன் சொல்லவில்லை. உள்ளேயிருந்து குள்ளமாக, பருமனாக ஒரு அம்மாள் வந்தாள். பிலோமினாவின் அம்மா, பெயர் ஆரோக்கியம்மா. நான் யார் என்று தெரிந்ததும் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேல் தண்ணீரைத் தெளித்தாள். பன்னீராக்கும் என்று நானும் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

"வேளாங்கண்ணித் தீர்த்தம்மா. தப்பா நெனச்சிக்காத," என்று சொல்லிக்கொண்டே இன்னும் மூன்று தடவை தெளித்தாள். உள்ளறைக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிலோமினாவை நான் பார்க்கவேயில்லை.

"எதுக்கு வந்தே?" என்றான் சாமு.

"உன்னைப் பார்க்கத்தான்."

"உன் மனசுல இருந்ததையெல்லாம்தான் தந்தியிலயே சொல்லிட்டியே."

"ஆமாடா. ஒவ்வொரு வரியும் மனசார அனுப்பினேன். இன்னிக்கும் உங்க ரெண்டு பேரையும் நினைச்சுத் தினமும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவன் முகம் வெளிறிவிட்டது. ஆரோக்கியம்மா மறுபடி பாட்டிலைத் திறந்தாள்.

இரண்டாம் நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், சாமு தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிறான். எண்ணினேன், பன்னிரண்டு குடம். பிறகு துணி துவைத்தான். அதில் புடவையும் இருந்தது. பிறகு பொங்கல் வைத்தான். பொங்கல் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், மிளகும் நெய்யும் மணக்க, நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் அடிமைத்தனத்தில் செய்த பொங்கல் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. அடுப்படிக்குள் நான் கால் வைத்தால் ஆரோக்கியம்மா குறுக்கே வந்து நின்றாள். நான் தொட்ட டம்ளரை அவளே தனியாகக் கழுவினாள். என் மைலோ டின்கள் வாசலிலேயே தீண்டுவாரில்லாமல் கிடந்தன.

"ஊர் பாக்காம வூட்லயே குந்திகினு இருந்தா எப்டி? வண்டலூர்ல சிங்கம் கீது. போய்ப் பாத்துட்டு வா," என்று என்னை பஸ் ஏற்றிவிட்டாள்.

என்னை வெளியே தள்ளுகிறார்கள் என்று தெரிந்துதான் போனேன். மிருகக்காட்சி சாலையில் சிங்கம் மல்லாந்து படுத்துத் தூங்கியது. சிங்கக்குட்டிகளே பட்டினி கிடந்தாலும் ஆண்டவரைத் தேடுகிறவர்களுக்குக் குறைவில்லை என்று என் 34-இல் வருகிறது. வண்டலூர் சிங்கம் பட்டினி கிடந்த மாதிரித் தெரியவில்லை. பட்டினி கிடந்தது நான்தான், சாமு கட்டிக் கொடுத்திருந்த இட்லிப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கிப் போய்விட்டது. அந்தக் குரங்கின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி ஆரோக்கியம்மாவுக்குச் சேர வேண்டியது.

மூன்றாம் நாள் என்னைக் கோவளத்துக்கு அனுப்பினார்கள். கடற்கரை, மாதா கோயில், மீன் ஏலம், போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும் என்று ஆரோக்கியம்மா ஆசையோடு வர்ணித்தாள். தாம்பரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறியதும் வழக்கம்போலக் கண்ணை மூடி 121-ஆம் சங்கீதத்தை முழுவதும் சொன்னேன். பயணத்தில் கால் இடறாமல் காப்பார் என்கிற சங்கீதம். கண்ணை மூடியதால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இறங்கிக் கடல் எங்கே என்று கேட்டேன்.

"இது படப்பைமா. கோவளம் கெயக்கால கீது. நீ மேற்கால வந்துட்ட," என்றார் டீக்கடைக்காரர். கடையில் இருந்த நாலு பேரும் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் ரொம்ப இரக்கத்தோடு, "இங்க ஏரி கீதும்மா, பாக்கறியா?" என்றார்.

ஏரிக்குப் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் அந்தக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு மசால்வடையும் டீயும் சாப்பிட்டேன். எங்கள் ஊர்க் கோப்பியில் கரண்டி நட்டால் நிற்கும், இந்த டீயில் கரண்டிக்கே இடமில்லை, அத்தனை சின்ன டம்ளர். மூன்று டீ குடித்தேன். பைபிளை எடுத்து மறுபடி 34-ஐத் திறந்தேன். தாவீது ஒரு ராஜா முன்னால் பைத்தியம்போல நடித்து, தாடியில் எச்சில் ஒழுக விட்டு, உயிர் தப்பி வந்தபோது பாடியது என்று மேலே குறிப்பு இருக்கும். இத்தனை வருஷம் அதை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். தவறான ஊரில் தலையில் இன்னும் எடுக்காத, வாடிய கனகாம்பரத்தோடு உட்கார்ந்திருந்த அன்றுதான் நின்று படித்தேன்.

இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. ஆண்டவர் முதலில் பயத்திலிருந்து விடுவித்தார் என்கிறார் தாவீது. இக்கட்டிலிருந்து விடுவித்தது அப்புறம்தான் வருகிறது. எனக்கு எப்போதும் இக்கட்டுதான் முதலில் தீர வேண்டும். தம்பி கையைவிட்டுப் போய்விட்டானோ என்ற பயத்தை நான் கடவுளிடம்கூடச் சொன்னதில்லை. அவரிடமும் எண்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இது மனதைத் தொட்டது, ஆனால் திருத்தவில்லை. தாம்பரம் பஸ் வந்ததும் மறுபடி மீட்புப் பணிக்குத் திரும்பிவிட்டேன்.

அவர்கள் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே வீடு திரும்பியதால் அன்று பிலோமினாவைப் பார்த்துவிட்டேன். கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு. என்னைக் கண்டதும் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே ஓடாத குறையாகப் போனாள். என்னைப் பார்த்து ஒரு பெண் அப்படிப் பயந்தது கிடையாது, என் வகுப்புப் பிள்ளைகளைத் தவிர.

அடுப்படி வாசலில் நின்று சாமுவைக் கேட்டேன். "ஏன்டா எனக்குச் சொல்லல?"

"சொன்னா மறுபடி ஒரு தந்தி அனுப்புவே."

"கட்டாயம் அனுப்பியிருப்பேன்!"

அவன் கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டான். டாக்டர் அவளை அசையாமல் படுக்கச் சொல்லியிருப்பதையும், அதனால்தான் இவன் தண்ணீரும் அடுப்பும் பார்ப்பதையும் ஆரோக்கியம்மா வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். எனக்கு அது கொஞ்சம் உறைத்தது. ஆனால் பிடித்த பிடியை விட எனக்கு வராது.

நான்காம் நாள் நான் செய்ததை இன்றுவரை நினைத்து வெட்கப்படுகிறேன். சாமு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தான். நான் விமானச் சீட்டை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன்.

"பாஸ்போர்ட்டை எடுத்து வை. பிள்ளை பிறந்ததும் பிலோமினாவையும் கூப்பிட்டுக்கலாம். முதல்ல நீ வா. இந்த மனுஷங்ககிட்டேருந்து உன்னை மீட்கத்தான் நான் வந்தேன்."

பின்னால் நின்ற ஆரோக்கியம்மாவை நான் கவனிக்கவில்லை. "இன்னாது? இன்னா மனுஷங்க? அடிப்பாவி, மாசமா கீற பொண்ண வுட்டுட்டு வான்றியே, நீயெல்லாம் டீச்சரா?" என்று ஆரம்பித்தவள் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. என் வாய்க்குக் காவல் வை என்று கேட்கிற 141-ஆம் சங்கீதம் நடுவில் ஞாபகம் வந்தது. தாமதமாகத்தான் வந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு சாமு கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நாளைக்குக் கிளம்பிடு அக்கா. நீ மட்டும். இனிமே எழுதவும் வேணாம்."

அப்பா செத்தபோதுகூட எனக்கு அப்படிக் காலடி நழுவவில்லை. எனக்கென்று உலகத்தில் இருந்தது அவன் ஒருவன்தான்.

ஐந்தாம் நாள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போக வழியில்லை. இரவெல்லாம் பெய்த மழையில் சந்து வாய்க்காலாகியிருந்தது. எங்கள் ஊரிலும் மழை பெய்யும், பெய்து முடித்துவிட்டுப் போய்விடும். இந்தக் கார்த்திகை மழைக்குப் போகிற உத்தேசமே இல்லை. பதினோரு மணிக்கு உள்ளறையிலிருந்து பிலோமினா கத்தினாள். வலி ஒரு மாதம் முந்தி வந்துவிட்டது.

ஆட்டோ எதுவும் சந்துக்குள் வராது. சாமு ஓடிப்போய்க் கிடைத்ததைக் கூட்டிவந்தான். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் பெட்டி ஏற்றுகிற துலுக்கானத்தின் மீன்பாடி வண்டி. முன்னால் பெரிய மரத்தட்டு, மூன்று சக்கரம், பின்னால் ஒரு பழைய மோட்டார். தட்டில் பாயைப் போட்டுப் பிலோமினாவைப் படுக்க வைத்தார்கள். ஒரு பக்கம் ஆரோக்கியம்மா ஜெபமாலையோடு ஏறினாள். மறுபக்கம் பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். வேறு யாரும் இல்லாததால் நான் ஏறினேன். ஐந்து நாளில் பிலோமினாவும் நானும் அவ்வளவு பக்கத்தில் இருந்தது அப்போதுதான். மூவருக்கும் நடுவில் வஞ்சிர வாடை.

முடிச்சூர் ரோட்டுக்கு வந்ததும் மோட்டாருக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. "மோட்டார் அவுட்டு. தள்ளு சார்!" என்றான் துலுக்கானம். அவன் மிதிக்க, சாமு முழங்கால் தண்ணீரில் பின்னாலிருந்து தள்ளினான். தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது என்று கதறுகிற 69-ஆம் சங்கீதம் அன்று எங்களுக்குப் பாதிதான் பொருந்தியது.

ஒரு வலி வந்து போனது. பிலோமினா கண்ணைத் திறந்து, யாரிடமும் இல்லாமல் கேட்டாள்: "இதுவும் போயிடுமா?"

என்ன சொல்வது? 121-ஆ, 91-ஆ, 128-ஆ என்று மனம் ஓடியது. ஒரு எண்ணும் வாயில் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், உதறவில்லை. என் வாய் தானாகவே 34-ஐச் சொல்ல ஆரம்பித்தது. ஆண்டவர் எவ்வளவு நல்லவர் என்று ருசித்துப் பார்க்கச் சொல்கிற வரி வந்ததும் பிலோமினா தலையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க! இது எங்க கோயில்ல பூசையில நன்மை அப்பம் வாங்கும்போது பாடுறதாச்சே. இதை எதுக்கு நீங்க சொல்றீங்க?"

"இதைத்தானேம்மா உங்களுக்கு அனுப்பினேன்."

"நீங்க அனுப்பினது 34."

"இதுதான் 34."

"இது 33!"

"இல்லம்மா, நாற்பது வருஷமா எனக்கு மனப்பாடம், இது..."

"கொயர்ல எட்டு வருஷம் பாடியிருக்கேன், 33! 34-ன்னா என்னோட சண்டை போடுறவங்களோட நீ சண்டை போடு, காத்துல பறக்கிற பதர் மாதிரி அவங்க ஆகணும்னு வரும்... ஐயோ அம்மா!"

"அது 35!"

"இன்னாமா, புள்ள பெத்துக்கப் போற நேரத்துல ரெண்டு பேரும் நம்பருக்கு அட்சிக்கிறீங்க? லாட்டரியா?" என்றான் துலுக்கானம்.

வண்டி நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். சாமு தள்ளுவதை விட்டுவிட்டு, மழையில் வாயைத் திறந்தபடி நின்றான். ஆரோக்கியம்மாவின் விரல் ஒரே மணியில் நின்றிருந்தது.

"தள்ளு சார்! நின்னா பள்ளத்துல எறங்கிடும்!"

சாமு தள்ளிய தள்ளலில் வண்டி தானாக ஓடுவதுபோல ஓடியது. எனக்கு எல்லாம் பிலோமினா முகத்தில் புரிந்தது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வீட்டுக்கு, நீங்கள் பதராய்ப் பறந்து போங்கள் என்று நான் தந்தி அனுப்பியதாக இவர்கள் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "இல்லம்மா, இல்லம்மா," என்று அவள் கையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். நர்சிங் ஹோம் வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது, "அந்த 33-ஐச் சொல்லிக்கிட்டே இருங்க," என்றாள். சரி என்றேன். அது 34 என்று திருத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகங்களில் அது ஒன்று.

வராந்தா பெஞ்சில் என் பைபிளையும் ஆரோக்கியம்மா பையில் வைத்திருந்த பைபிளையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தோம். விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஒன்பதாம் சங்கீதத்தையும் பத்தாம் சங்கீதத்தையும் அவர்கள் பழைய வழக்கப்படி ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். அதனால் அங்கிருந்து ஏறக்குறைய கடைசிவரை அவர்கள் கணக்கில் ஒன்று குறைவு. என் 34 அவர்களுக்கு 33. அவர்களின் 34 எனக்கு 35. சாமுவின் சொந்த பைபிளைக் கரையான் தின்றுவிட்டதாம். குடும்ப ஜெபத்தில் அவன் எப்போதும் தூங்கினவன், மனப்பாடமும் கிடையாது. பெண்டாட்டியின் பைபிளில் பார்த்திருக்கிறான்.

"அந்த 34-ல ஒரு வரி வருதுக்கா," என்றான் சாமு. ஈரச் சட்டையோடு எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தான். "பெத்த அம்மாவுக்கு அழற மாதிரி அவங்களுக்காக அழுதேன், அவங்க எனக்குப் பண்ணினது தீமைதான்னு. நீ என்னை வளர்த்ததைச் சொல்லிக் காட்டுறேன்னு நினைச்சேன்."

"அப்போ நீ அனுப்பின 54?"

"எதிரி ஏசியிருந்தாத் தாங்கிப்பேன், கூடவே இருந்த நீயே இப்படிப் பண்ணிட்டியேன்னு வரும்."

"அது எனக்கு 55-டா! என் 54-இல அந்நியர்கள் கொல்ல வர்றாங்கன்னு வருது!"

ஆரோக்கியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ அந்த அந்நியர் நானா?"

நான் என் பைபிளை மூடினேன்.

"என்னப் பாத்தா கொலகாரி மாரியா கீது?"

"நாலு லெட்டரைத் திருப்பி அனுப்பினா என்னன்னு நினைக்கிறது?"

"நான்தான் திருப்பினேன்," என்றான் சாமு.

"தீர்த்தம் தெளிச்சது?"

"அது நான்தான்," என்று ஒப்புக்கொண்டாள் ஆரோக்கியம்மா. "பேய்க்குத் தெளிக்கிற தீர்த்தம். மொத நாளே அரை பாட்டில் காலி." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். அதட்டியவளே இரண்டு மணிக்கு மறுபடி வந்து, ஆண் குழந்தை, எடை குறைவு, ஆனால் குரலுக்குக் குறைவில்லை, தாயும் சுகம் என்று சொன்னாள். சாமு கதவுக்கு வெளியே நின்று குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி சுவரில் சாய்ந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது, தீராத ஒன்றும் இருந்தது.

"ரெண்டு வார்த்தை எழுதியிருக்கலாம்க்கா. அழாதே சாமுன்னு. அது போதும் எனக்கு."

"நீயும்தான் எழுதல."

"உன்கிட்டக் கத்துக்கிட்டதுதானே."

சங்கீதக்காரர்கள் யாரும் எண் சொல்லிவிட்டுப் போகவில்லை. எங்கே போனாய், ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்று கடவுளை நேருக்கு நேர் கேட்டார்கள், புலம்பினார்கள், படுக்கை நனைய அழுதார்கள். எண்ணெல்லாம் பிற்பாடு வேறு யாரோ போட்டது, அதையும் இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு வாய்விட்டு அழுதவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்காமலே ஐம்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

"உன் கல்யாணத்துக்கு நான் லீவே கேட்கல சாமு," என்றேன். "பிடிக்காமத்தான் வரல. பிள்ளை போச்சுன்னு உன் தந்தி வந்த அன்னிக்குப் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அதை உனக்கு எழுதணும்னு எனக்குத் தோணவேயில்ல. ஆணா பொண்ணான்னுகூட நான் உன்னைக் கேட்கலையே."

சாமு தலையைக் குனிந்துகொண்டான். ஆரோக்கியம்மாதான் சொன்னாள்.

"பொண்ணும்மா. ஒரு மணி நேரம்கூட இல்ல. மூச்சு எறங்கிகினே போச்சு, ஃபாதரக் கூப்ட நேரமில்ல. அந்த மாரி நேரத்துல யாரு வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம். நான்தான் தண்ணி ஊத்துனேன். பேரு சொல்லி ஊத்தணுமே. இன்னா பேருன்னு இவனக் கேட்டேன்."

கழற்றிய கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள்.

"சாராள்னான். அக்கா பேருன்னான்."

கொடியவள் என்று நான் நினைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்தது இந்த அம்மாளைத்தான். என் பெயரைச் சொல்லி அந்தச் சின்னத் தலையில் தண்ணீர் ஊற்றியது இந்தக் கைதான். அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான் அழுத சத்தம் வராந்தாக் கோடி வரை கேட்டிருக்க வேண்டும். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சாமு சுவரை விட்டு வந்து என் பக்கத்தில், பெஞ்சில் இருந்த இரண்டு பைபிளையும் நகர்த்திவிட்டு உட்கார்ந்தான்.

"அழு அக்கா," என்றான்.